பதினான்காவது கேள்வி

மார்ச் 3

அனுப்புநர்: மாவட்டக் குழந்தைப் பாதுகாப்பு அலுவலர்.
பெறுநர்: துணைச் செயலாளர், படிவங்கள் மற்றும் நடைமுறைகள் பிரிவு, தலைமைச் செயலகம், மூன்றாம் மாடி.
பொருள்: உடன்பிறந்த இரு சிறுமிகளை ஒரே இல்லத்தில் தங்கவைக்க ஆணை வேண்டுதல் தொடர்பாக.

ஐயா,

எங்கள் ஊர்க் குழந்தைகள் இல்லத்தில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி இருக்கிறாள். அவளுடைய ஐந்து வயதுத் தங்கை, இங்கிருந்து பஸ்ஸில் நான்கு மணி நேரம் தள்ளியிருக்கும் மழலையர் காப்பகத்தில் இருக்கிறாள். ஐந்து மாதத்துக்கு முன் இவர்களுடைய அம்மா சாலை விபத்தில் இடுப்பும் காலும் முறிந்து, நினைவில்லாத நிலையில் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார். பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லாததால் பிள்ளைகள் அன்றைக்கே அரசுப் பொறுப்புக்கு வந்தார்கள். ஆறு வயதுக்கு மேல் என்றால் சமூக நலத் துறையின் இல்லம், அதற்குக் கீழே என்றால் சுகாதாரத் துறையின் காப்பகம் என்பது விதி. அதனால் பெரியவள் இங்கே வந்தாள், சின்னவள் அங்கே போனாள்.

நான் இந்த நாற்காலிக்கு வந்தது ஜனவரியில். வந்ததிலிருந்து இருவரையும் ஒன்றுசேர்க்க ஏழு கடிதங்கள் எழுதியாயிற்று. சுகாதாரத் துறை, சமூக நலத் துறையைக் கேட்கச் சொல்கிறது. சமூக நலத் துறை, இல்லத்துக்குள் பள்ளிக்கூடம் இருப்பதால் கல்வித் துறையின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. கல்வித் துறையோ, பள்ளி வயது வராத குழந்தையைப் பற்றித் தனக்குக் கருத்தே கிடையாது என்கிறது. மூன்று துறைக்கும் பொதுவாக ஓர் ஆணை தயாரிக்கக்கூடிய ஒரே மேஜை தங்களுடையது என்று அறிகிறேன்.

அவசரம் என்னவென்றால், காப்பகத்து ஃபைலில் சின்னவளுக்குச் சொந்தம் என்று எவருமே இல்லை. தாய் நினைவின்றி இருக்கிறார் என்ற ஐந்து மாதப் பழைய குறிப்பு மட்டும் இருக்கிறது. அந்தத் தாய் இப்போது உட்கார்ந்து, பேசி, நர்ஸுகளுடன் சண்டையும் போடுகிறார். ஆனால் ஆஸ்பத்திரியில் இருந்து காப்பகத்துக்கு அதைச் சொல்வது யார் வேலை என்று எங்கும் எழுதப்படவில்லை. ஆகவே சின்னவளை மாநிலத்தின் வேறொரு மூலையில் இருக்கும் வளர்ப்புக் குடும்பத்துக்கு அனுப்பும் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். கமிட்டி கூடுவது மார்ச் 28. அதற்குள் ஆணை வேண்டும்.

தங்கள் உண்மையுள்ள,
மா.கு.பா. அலுவலர்

கையால் எழுதிய பி.கு.: இதற்கும் நம் அம்மாவின் பிறந்தநாளுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அரசாங்கக் கடிதமாகவே பதில் போடவும். நீ வாயால் சொல்வதற்கு ஆதாரம் இருக்காது.


மார்ச் 7

பார்வை: தங்கள் கடிதம், நாள் மார்ச் 3.

அம்மையீர்,

தங்கள் கடிதம் பரிசீலிக்கப்பட்டது. சேர்க்கைப் படிவத்தின் பதினான்காவது கேள்வி, 'உடன்பிறந்தோர் விவரம்' என்று தெளிவாகவே இருக்கிறது. அந்தப் படிவத்தை வடிவமைத்தவன் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்ல முடியும். குழந்தையைப் பொறுப்பில் எடுத்த அன்று அக்கேள்வி நிரப்பப்பட்டிருந்தால் காப்பகத்துக்குத் தெரிந்திருக்கும். நிரப்பப்படாதது தங்கள் அலுவலகத்தின் குறை. படிவத்தின் குறை அல்ல.

முறையான விவரங்களுடன் மூன்று துறைகள் வழியாகவும் மறுபடி விண்ணப்பிக்கவும்.

துணைச் செயலாளர்

கையால் எழுதிய பி.கு.: அக்கா, ஒரு ஃபோன் போட்டிருக்கலாம். ஒன்றரை வருஷமாக நான் கூப்பிட்டால் கட் பண்ணுகிறாய். அம்மா என்னிடம் உன்னைப் பற்றியும் உன்னிடம் என்னைப் பற்றியும் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போய் இருக்கிறாள். பிறந்தநாளைப் பற்றி நான் கேட்கவே இல்லையே, நீயாக ஏன் இழுக்கிறாய்?


மார்ச் 10

மாண்புமிகு ஸ்கேல் அவர்களுக்கு,

அரசாங்க மரியாதை உனக்கு ஒத்துக்கொள்ளாது என்று தெரிந்துவிட்டது. வீட்டுச் சுவரில் எறும்புகள் கோணலாகப் போகின்றன என்று ஸ்கேலை வைத்து அவற்றைத் திருத்தப் பார்த்தவன் நீ. அப்போது உனக்கு ஆறு வயது. அந்தப் பெயரே உனக்குப் பொருத்தம்.

பிறந்தநாளை நான் ஏன் இழுக்கிறேனா? அம்மாவின் எழுபதாவது பிறந்தநாளன்று, வீடு நிறைய ஆட்கள் கேக்கும் கையுமாக நிற்கும்போது, "அக்காவுக்கு என்ன வேலை, பிள்ளைங்களைப் பார்சல் கட்டி ஊர் ஊரா அனுப்பறதுதானே" என்று சொன்னாயே, அதனால் இழுக்கிறேன். பதினொரு பேர் சிரித்தார்கள். எண்ணினேன். நானும் பதிலுக்கு உன்னைக் காகிதத்துக்குப் பிறந்தவன் என்று சொன்னேன், அம்மா முகம் வாடிப்போனது. அது மட்டும்தான் எனக்கு வருத்தம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் கடிதத்தைப் படித்துவிட்டு நேற்று ஜீப்பை எடுத்துக்கொண்டு காப்பகத்துக்கே போனேன். பொறுப்பாளர் அம்மா நல்ல மனுஷி. பிள்ளைகளுக்கு மூக்குச் சிந்திவிட்டுக்கொண்டே என்னிடம் பேசினார்.

"மேடம், நீங்க சொல்றது உண்மையாவே இருக்கலாம். ஆனா ஃபைல்ல இல்லையே. ஃபைல்ல இல்லாததை நான் கமிட்டிகிட்ட எப்படிச் சொல்றது?"

"அந்தக் குழந்தையையே கேளுங்களேன்."

"கேட்டேனே. எங்க அக்கா இருக்கா, அவதான் எனக்குத் தலை வாருவான்னுச்சு. இங்க இருக்கிற பிள்ளைங்க எல்லாமே அப்படித்தான் மேடம். அக்கா இருக்கா, அண்ணன் இருக்கான், வீட்டுல யானை இருக்குன்னு சொல்லும். நான் எதை எழுதறது, எதை விடறது?"

சின்னவளைப் பார்த்தேன். ஐந்து மாதமாக யாரையும் தலையில் கைவைக்க விடவில்லையாம். முடி தேங்காய் நார் மாதிரி நிற்கிறது. சீப்பை எடுத்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறாள். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீங்க எங்க அக்காவோட டீச்சரா?" என்று கேட்டாள். இல்லை என்றதும் என்மேல் இருந்த மரியாதை போய்விட்டது.

பிறகு ஃபைலைத் திறந்து காட்டினார்கள். நீ மார்தட்டிக்கொள்ளும் உன் படிவத்தின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார். பன்னிரண்டாவது கேள்வி, உடலில் அடையாளங்கள். பதின்மூன்றாவது, ஒவ்வாமை உண்டா. அதோடு காகிதம் முடிந்துவிட்டது. பதினான்கு எங்கே? எங்கள் இல்லத்தில் பெரியவளுடைய ஃபைலையும் எடுத்துப் பார்த்தேன். அதுவும் பதின்மூன்றோடு நிற்கிறது.

பெரியவளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவள் அழுகிற ரகம் இல்லை. ஒரு நோட்டுப் போட்டு வைத்திருக்கிறாள். அதிகாரி யார் வந்தாலும் தேதி போட்டு, அவர் சொன்னதை எழுதிக்கொள்கிறாள். "டிசம்பர் 2. மீசை சார். பார்க்கலாம் என்றார். ஜனவரி 12. புது மேடம். பார்க்கலாம் என்றார்." புது மேடம் நான்தான். எனக்கு மட்டும் நான்கு 'பார்க்கலாம்' இருக்கிறது.

சைரன்

(இந்தப் பெயரை வைத்தவன் நீதான். நான் அழுதால் தெருவே வெளியே வந்துவிடும் என்பாய். இப்போது மூன்றாம் மாடியையும் வெளியே வரவழைக்கப் போகிறேன்.)


மார்ச் 13

அக்கா,

உன் கடிதம் வந்தபோது டீ குடித்துக்கொண்டிருந்தேன். டீ ஆறிப்போய் ஒரு மணி நேரம் ஆகிறது.

பீரோவைத் திறந்து எழுதாத படிவம் ஒன்றை எடுத்துப் பார்த்தேன். பதினான்காவது கேள்வி இருக்கிறது. ஆனால் கிழிப்பதற்கான புள்ளிக்கோடு பதின்மூன்றுக்கும் பதினான்குக்கும் நடுவில் போகிறது. மேல்பாதியைக் கிழித்து இல்லத்துக்கோ காப்பகத்துக்கோ அனுப்பிவிடுவார்கள். கீழே இருக்கும் அடிக்கட்டை, பிள்ளைகளைப் பொறுப்பில் எடுத்த அலுவலகத்திலேயே தங்கிவிடும். பதினான்காவது கேள்வி அடிக்கட்டையில் இருக்கிறது.

அந்தக் கோட்டைப் போட்டவன் நான்தான். பதினொரு வருஷத்துக்கு முன்னால் அச்சகத்துக்காரர் வந்து, "சார், புள்ளி எங்க வெக்கலாம்?" என்று கேட்டார். மேல்பாதி ஃபைல் அட்டைக்குள் ஒரு மயிரிழைகூட வெளியே நீட்டாமல் உட்கார வேண்டும் என்பது என் ஆசை. ஸ்கேலை எடுத்து அளந்து, சரியாக இருபத்தெட்டு சென்டிமீட்டரில் கோடு போட்டுக் கொடுத்தேன். ஒரு கேள்வி கீழே போகிறதே என்று பார்த்த ஞாபகம்கூட இருக்கிறது. அலுவலகத்திலேயேதானே இருக்கப் போகிறது, தொலைந்தா போகும் என்று நினைத்தேன். ஃபைல்கள் அழகாக மூடிக்கொண்டன. மேலதிகாரி என்னைக் கூப்பிட்டுப் பாராட்டினார். எனக்கு உச்சி குளிர்ந்துபோனது.

நீ பார்சல் கட்டுகிறாய் என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். பார்சலின் முகவரியைக் கிழித்தவன் நான்தான் என்று இப்போது தெரிகிறது. ரொம்ப வெட்கமாக இருக்கிறது அக்கா. பூசி மெழுக எனக்கு மனசு வரவில்லை.

உன் அலுவலகத்தில் அடிக்கட்டைகள் எங்கே இருக்கின்றன? உடனே தேடிப் பார். அது கிடைத்தால் மூன்று துறையையும் நான் ஒரே அறையில் உட்காரவைக்கிறேன்.

தம்பி


மார்ச் 16

தம்பி,

உன் கடிதத்தைக் கிண்டல் பண்ண வேண்டும் என்று ஆசையாகத்தான் பிரித்தேன். முடியவில்லை. அடுத்த முறை பார்த்துக்கொள்கிறேன்.

அடிக்கட்டைகளைத் தேடி அலுவலகத்தையே தலைகீழாக்கினோம். பீரோவில் இல்லை, பரணில் இல்லை. டைப்பிஸ்ட் அம்மா இருபது வருஷமாக இங்கேயே குப்பை கொட்டுகிறவர், அவருக்கே தெரியவில்லை. கடைசியில் டிரைவர்தான் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார்.

"மேடம், மாடிப்படிக்குக் கீழ ரெண்டு மூட்டை கிடக்கு. பழைய பேப்பர்னு நெனச்சேன்."

"எத்தனை நாளா கிடக்கு?"

"நான் வேலைக்குச் சேர்ந்தப்பவே இருந்துச்சு. ஒம்பது வருஷமா அது மேலதான் உட்கார்ந்து பேப்பர் படிக்கறேன்."

மூட்டையை அவிழ்த்தோம். அத்தனையும் அடிக்கட்டைகள்தான். கல்யாண வேலை மாதிரி தரையில் விரித்துப் போட்டு, டைப்பிஸ்ட் அம்மா படிக்க, நான் எழுத, டிரைவர் வருஷவாரியாக அடுக்கினார். இரண்டு நாள் ஆனது. பதினான்காவது கேள்வியில் 'உண்டு' என்று எழுதப்பட்டு, ஆனால் வேறு வேறு இடங்களுக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகள், நாற்பத்தொரு குடும்பம். எங்கள் ஒரு மாவட்டத்தில் மட்டும். பட்டியல் இணைத்திருக்கிறேன்.

நம் பெரியவளின் அடிக்கட்டையும் கிடைத்தது. எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்த மீசை சாரின் கையெழுத்து. கேள்வி விவரம்தான் கேட்டது, மனுஷர் விவரத்தோடு நிறுத்தவில்லை. "உண்டு. தங்கை, வயது 5. அக்காவின் கையை விட மறுக்கிறாள்" என்று எழுதியிருக்கிறார். எழுதி, கிழித்து, மூட்டையில் போட்டுவிட்டார். அவரையும் குறை சொல்ல முடியவில்லை. புள்ளிக்கோடு இருந்தால் யாரும் கிழிக்கத்தான் செய்வார்கள்.

அசல் அடிக்கட்டையையே உனக்கு அனுப்புகிறேன். நகல் என்னிடம் இருக்கிறது. தொலைத்தாயோ, உன்னைத் தொலைத்துவிடுவேன்.

டிரைவர் அதன் பிறகு மாடிப்படிப் பக்கமே போவதில்லை. "இத்தனை பிள்ளைங்க மேலயா உட்கார்ந்திருந்தேன்" என்று புலம்பிக்கொண்டிருந்தார். நேற்று வீட்டிலிருந்து ஒரு ஸ்டூல் கொண்டுவந்து போட்டுக்கொண்டார்.

பெரியவளிடம், ஃபைல் உன் தங்கை இருக்கும் ஊருக்குப் போய்த் திரும்பி வந்து, மறுபடி தலைநகருக்குப் போயிருக்கிறது என்று சொன்னேன். "ஃபைல் மட்டும் இத்தனை தடவை பஸ்ல போகுதே மேடம். அடுத்த தடவை நானும் அது கூடப் போறேன். மடியில வெச்சுக்கறேன்" என்றாள். நோட்டில் என்ன எழுதினாளோ தெரியாது. நான் இந்த முறை 'பார்க்கலாம்' என்று சொல்லவில்லை.

இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது.

அக்கா


மார்ச் 21

அக்கா,

மூன்று துறை இணைச் செயலாளர்களையும் ஒரே அறையில் உட்காரவைத்துவிட்டேன். எப்படி என்று கேட்காதே. ஒவ்வொருவரிடமும் மற்ற இருவரும் வருவதாக ஒப்புக்கொண்டார்கள் என்று சொன்னேன். சொல்லும்போது அது பொய். வந்து உட்கார்ந்ததும் உண்மையாகிவிட்டது.

உன் அடிக்கட்டையை மேஜை நடுவில் வைத்து, கடைசி வரியை மட்டும் வாசித்தேன். சுகாதாரத்தார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சமூக நலத்தம்மா, "எனக்கும் ஒரு தங்கச்சி இருக்கா" என்று சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கல்வித் துறைக்காரர் பட்டியலை எடுத்து நாற்பத்தொன்றையும் எண்ணிப் பார்த்தார். அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. உடன்பிறந்தவர்களை வயதைக் காரணம் காட்டிப் பிரிக்கக் கூடாது. ஒவ்வொரு குழந்தைக்கும் பதில் சொல்ல ஓர் அலுவலர், பெயர் போட்டு. ஆஸ்பத்திரியானாலும் பள்ளியானாலும், தகவல் எல்லாம் அவர் கைக்குப் போக வேண்டும். நாற்பத்தொரு குடும்பத்தையும் மூன்று மாதத்துக்குள் தேடிச் சேர்க்க வேண்டும். மாதத்தின் முதல் வியாழக்கிழமை மூன்று துறையும் ஒரே மேஜையில் உட்கார வேண்டும். நான் சொல்லச் சொல்ல மூவரும் தலையாட்டினார்கள். எனக்கே நம்ப முடியவில்லை.

கையெழுத்தில்தான் வண்டி நின்றுபோனது.

சுகாதாரத்தார் சொன்னார், "அவங்க முதல்ல போடட்டும், நான் ரெண்டாவதா போடறேன்." சமூக நலத்தம்மா, "கல்வி போடட்டும், அடுத்தது நான்" என்றார். கல்வித் துறைக்காரரும் இரண்டாவதாகத்தான் போடுவாராம். முதலில் போட்டவர் தலையில் நாளைக்குப் பழி விழும், மூன்றாவதாகப் போட்டால் மற்ற இருவருக்கும் கீழே என்றாகிவிடும். ஆக மூவருக்கும் வேண்டியது அந்த நடு இடம்தான். மூன்று நாளாக வரைவை மாற்றி மாற்றி அடிக்கிறேன். பக்கம் பக்கமாகப் போட்டுப் பார்த்தேன், இடது பக்கம் இருப்பவர் முதலாவது என்கிறார்கள். மூன்று தனித்தனிக் காகிதமாக அடித்தேன், அப்போது எது அசல் என்று கேட்கிறார்கள்.

எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. நல்ல மனசுக்காரர்கள்தான் மூவரும். அதுதான் இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

அம்மா பிறந்தநாளில் நான் பேசியது தப்பு. ஆணை வந்தாலும் வராவிட்டாலும் அது தப்புதான். இதை எழுத்தில் கேட்பாய் என்று தெரியும், எழுத்திலேயே தருகிறேன்.

தம்பி


மார்ச் 23

தம்பி,

மன்னிப்புக் கடிதம் பெறப்பட்டது. ஃபைலில் வைத்தாயிற்று. புள்ளிக்கோடு எதுவும் இல்லாத பக்கமாகப் பார்த்துத்தான் வைத்திருக்கிறேன்.

ஆனால் இருபத்தெட்டாம் தேதி காலை பதினொரு மணிக்குக் கமிட்டி. நீ உட்கார்ந்து மூவரையும் வரிசைப்படுத்திக்கொண்டிரு. இங்கே பெரியவள் ஒரு பையில் தன் இரண்டு கவுனையும் சீப்பையும் எடுத்து வைத்துவிட்டாள். யார் சொன்னார்கள் என்று கேட்டால், "நீங்கதான் இந்தத் தடவை பார்க்கலாம்னு சொல்லலையே" என்கிறாள். நான் என்னடா பதில் சொல்வேன்?

ஏதாவது செய். அறிவைப் பயன்படுத்து. அது ஸ்கேலுக்குப் பக்கத்தில் எங்கேயாவதுதான் இருக்கும்.

அக்கா


மார்ச் 26

அக்கா,

இந்தக் கடிதமும் ஆணையும் தபாலில் வரவில்லை, ஆள் கையில் வருகின்றன. வாங்கியதும் அவருக்கு முதலில் ஒரு டீ கொடு. ஏனென்றால் எல்லாவற்றையும் செய்தது டீதான்.

நேற்று மத்தியானம் ஐந்தாவது வரைவை அடித்து மேஜைமேல் வைத்தேன். கையெழுத்துக்காகக் கீழே வெறும் இடம். அலுப்பில் டீ டம்ளரை அதன்மேலேயே வைத்துவிட்டேன் போலிருக்கிறது. எடுத்துப் பார்த்தால், வெள்ளைக் காகிதத்தில் பழுப்பாக ஒரு வட்டம். எனக்கு வந்த கோபத்தில் டம்ளரை ஜன்னல் வழியே எறிய இருந்தேன். என்னைத் தெரியுமே உனக்கு, கறை பட்ட காகிதத்தை நான் தொடவும் மாட்டேன்.

பிறகு அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். புதுக் காகிதம் ஒன்றை எடுத்து, டம்ளரைக் கவிழ்த்து வைத்து, பேனாவால் சுற்றி ஒரு வட்டம் போட்டேன். நடுவில் அரசு முத்திரைக்கு இடம். வட்டத்தைச் சுற்றி மூன்று பெயர். எடுத்துக்கொண்டு மூன்று அறைக்கும் ஓடினேன்.

சுகாதாரத்தார் காகிதத்தை இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார். "இதுல யாருய்யா முதல்?"

"நீங்க எந்தப் பக்கம் பிடிக்கறீங்களோ அதைப் பொறுத்தது சார்."

சிரித்துவிட்டார். சிரித்தபடியே போட்டுவிட்டார். மற்ற இருவரும் ஆளுக்கு ஒரு முறை திருப்பிப் பார்த்துவிட்டுத் தங்கள் பெயர் உச்சியில் வரும்படி பிடித்துக்கொண்டு போட்டார்கள். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

என் பிரிவில் எல்லோரும் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். இருபது வருஷத்தில் நான் கோணலாக ஒரு கோடு போட்டதில்லை, இதில் வட்டம் வேறு. வட்டமும் அவ்வளவு சரியாக வரவில்லை, டம்ளர் விளிம்பு நசுங்கியது. அப்படியே விட்டுவிட்டேன்.

போய்க் கூட்டிக்கொண்டு வா.

தம்பி


மார்ச் 29

தம்பி,

ஆள் வந்தது இருபத்தேழாம் தேதி சாயங்காலம். ஒரு டீ இல்லை, மூன்று டீ கொடுத்தேன்.

நேற்று காலையில் பெரியவளை முன்சீட்டில் வைத்துக்கொண்டு கிளம்பினோம். மடியில் பை, பைமேல் நோட்டு, நோட்டின்மேல் உன் ஆணை. வழி முழுக்க அதைக் கீழே வைக்கவில்லை. ஃபைலோடு போகிறேன் என்று சொன்னாள் அல்லவா, சொன்னபடி போனாள்.

கமிட்டி காப்பகத்திலேயே கூடியிருந்தது, ஐந்து பேர். தலைவர் ஆணையை வாங்கி, எல்லோரையும் போலத்தான், இரண்டு முறை திருப்பிப் பார்த்தார். அடிக்கட்டை நகலைப் படித்தார். பிறகு இவளைப் பார்த்து, "நீ ஏதாவது சொல்லணுமாம்மா?" என்று கேட்டார். இவள் நோட்டைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள்.

"இதுல பதினோரு பார்க்கலாம் இருக்கு சார். நீங்க சொல்றதை நீங்களே எழுதிடுங்க. அப்புறம் நான் தப்பா எழுதிட்டேன்னு யாரும் சொல்லக் கூடாது."

அவர் பேனாவை எடுத்து, தேதி போட்டு, "பார்த்தாயிற்று. அக்காவுடன் அனுப்பவும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அரசாங்கத்தில் இவ்வளவு சின்ன உத்தரவை நான் பார்த்ததில்லை.

சின்னவளை அழைத்து வந்தார்கள். ஓடிவந்து கட்டிக்கொள்வார்கள், நாம் எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொள்ளலாம் என்று கைக்குட்டையோடு நின்றேன். அவள் வாசலிலேயே நின்று இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "ஏன் லேட்டு?" என்றாள்.

"ஃபைல் லேட்டு" என்றாள் இவள். "என்னடி தலை இது? வா இங்க."

கமிட்டி முன்னாலேயே தரையில் உட்காரவைத்து வாரினாள். சின்னவள் போட்ட கத்தலில் பக்கத்து அறைக் குழந்தைகள் எல்லாம் விழித்துக்கொண்டன. ஆனால் கட்டிலுக்கு அடியில் ஓடவில்லை. கத்திக்கொண்டே அக்காவின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பொறுப்பாளர் அம்மா அதைப் பார்த்துவிட்டு, தன் பீரோவில் உள்ள ஃபைல்களை எல்லாம் திரும்பப் பார்க்கப் போவதாகச் சொன்னார். யானை இருக்கிறது என்று சொன்ன பிள்ளையையும் மறுபடி விசாரிப்பாராம்.

வரும் வழியில் ஜன்னலோரத்துக்குச் சண்டை. அரை மணிக்கு ஒருமுறை மாறி உட்கார வேண்டும் என்று டிரைவர் பஞ்சாயத்துப் பண்ணினார். ஆஸ்பத்திரிக்கு ஃபோன் போட்டுக் கொடுத்தேன். அவர்கள் அம்மா இரண்டு பேர் குரலையும் ஒன்றாகக் கேட்டதும் இருவர் பெயரையும் மாற்றி மாற்றிக் கூப்பிட்டார். பிறகு, மே மாதம் நடந்தே வீட்டுக்கு வந்துவிடுவேன், அதுவரை மேடத்தைப் படுத்தாதீர்கள் என்றார். அந்தப் பேச்சை இரண்டு பேரும் இதுவரை கேட்கவில்லை.

நாற்பத்தொன்றில் ஒன்று முடிந்தது. அடுத்த குடும்பத்தைத் தேடி திங்கட்கிழமை கிளம்புகிறோம். டிரைவர், "மேடம், எல்லாத்தையும் நானே கூட்டிட்டு வரேன்" என்று சத்தியம் பண்ணியிருக்கிறார்.

உன்மேல் எனக்கு ரொம்பப் பெருமையாக இருக்கிறது. ஒரு தடவைதான் சொல்வேன்.

அக்கா


ஏப்ரல் 8

பார்வை: எதுவும் இல்லை.

அக்கா,

புதுப் படிவத்தின் மாதிரி இத்துடன் இருக்கிறது. புள்ளிக்கோடு கிடையாது. கிழிக்கவே முடியாதபடி மடித்துத் தைத்திருக்கிறோம். ஃபைல் அட்டைக்கு வெளியே இரண்டு சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டு நிற்கிறது. பார்க்கும்போதெல்லாம் கை பரபரக்கிறது, பல்லைக் கடித்துக்கொண்டு விட்டுவிட்டேன். பதினான்காவது கேள்வி இப்போது முதல் கேள்வி.

அச்சுக்குப் போகும் முன் ஒவ்வொரு மாவட்ட அலுவலரும் தன்னைப் பற்றியே ஒரு மாதிரிப் படிவம் நிரப்பி அனுப்ப வேண்டும் என்று உத்தரவு போட்டிருக்கிறேன். கேள்வி புரிகிறதா, கட்டம் போதுமா என்று சோதிக்கத்தான். வேறு உள்நோக்கம் எதுவும் இல்லை.

தம்பி


ஏப்ரல் 11

தம்பி,

உள்நோக்கம் இல்லாத உத்தரவுப்படி நிரப்பிய மாதிரிப் படிவம்:

1. உன்னோடு பிறந்தவர்கள் யார்?
ஒரே ஒரு தம்பி.

2. இப்போது எங்கே இருக்கிறார்?
தலைமைச் செயலகம், மூன்றாம் மாடி. ஆறிப்போன டீ இருக்கும் மேஜை.

3. அவரைக் கடைசியாக எப்போது பார்த்தாய்?
ஒன்றரை வருஷம் முன்பு. கையில் கேக்கோடு நின்றான்.

4. பிரிந்திருக்கக் காரணம்?
இரண்டு பேருக்கும் வாய் நீளம்.

5. அவரோடு சேர்ந்திருக்க விரும்புகிறாயா?

ஐந்தாவதில்தான் எழுதாமல் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சனிக்கிழமை, பிள்ளைகள் இரண்டும் என் அலுவலகத்தில் விளையாடிக்கொண்டிருந்தன. பெரியவள் மேஜை ஓரமாக வந்து நின்று முழுப் படிவத்தையும் படித்துவிட்டாள். மூன்றாவது பதிலில் விரலை வைத்து நிமிர்ந்து பார்த்தாள்.

"உங்களுக்கு ஒன்றரை வருஷமா மேடம்? எங்களுக்கு அஞ்சு மாசம்தான். உங்க ஃபைல் யாருகிட்ட மாட்டிக்கிச்சு?"

"என்கிட்டதான்" என்றேன்.

நாளைக் காலை ஏழு மணி பஸ்ஸில் ஏறுகிறேன். இந்தக் கடிதத்தை இன்றிரவே ஆள் கையில் அனுப்புகிறேன், படிவத்தின் அசல் மட்டும் என் மடியிலேயே வரும். பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நில். நீ கூப்பிடும்போது இந்த முறை ஃபோனை எடுப்பேன்.

அக்கா